வேம்பு மெக்கானிக்கின் காது

வண்டியை விட்டு இறங்கியதும் வேம்பு யாரோடும் பேசமாட்டார். வாயை இறுக மூடிக்கொண்டு, தொண்டைக்குள்ளேயே "உம்ம்ம்" என்று முனகியபடி விறுவிறுவென்று ஷெட்டுக்குள் போவார். யாராவது எதிரே வந்து, "என்னாண்ணே, வண்டி எப்படி இருக்கு?" என்று கேட்டால் தள்ளிப் போ என்று கையை ஆட்டுவார். சுவரோரப் பலகையில் கிரீஸ் டின், பெயிண்ட் டின், பால் பவுடர் டின் என்று முப்பது நாற்பது வெற்று டப்பாக்கள் இருக்கும். எல்லா மூடியிலும் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஓட்டை. ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டையில் உதட்டை வைத்து ஊதிப் பார்ப்பார். வண்டியிலிருந்து தொண்டையில் பிடித்துவந்த சத்தமும் டப்பா போடுகிற சத்தமும் ஒட்டவில்லையென்றால் அடுத்த டப்பா. கிட்டத்தில் வந்துவிட்டால், சொம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு ஊதுவார். இரண்டு சத்தமும் ஒன்றாகிற இடத்தில் நிறுத்தி, தண்ணீர் மட்டத்தில் ஆணியால் கோடு கிழிப்பார். அப்புறம்தான் வாயைத் திறப்பார்.

"ம்... இப்ப சொல்லுங்க. என்னா கேட்டீங்க?"

மதியச் சாப்பாடு கொண்டுவருகிற மனைவி மலர்கொடி இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். "போறப்ப மெக்கானிக்காப் போறாரு. வரப்ப பூம்பூம் மாடா வராரு. கருமம், இதுக்கு ஒரு பொழப்பு."

பெரம்பலூரில் துறையூர் ரோட்டில் அந்த ஷெட். மற்ற மெக்கானிக்குகள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு வருவார்கள். வேம்பு வெறுங்கையோடு வருவார். டர்போ வைத்த டீசல் கார்கள் இந்தப் பக்கம் ஓடத் தொடங்கிய பிறகுதான் அவருக்குப் பேர் வந்தது. டர்போ என்பது வேறொன்றுமில்லை, புகையின் வேகத்தில் சுற்றி எஞ்சினுக்குக் காற்றை அமுக்கி ஊட்டுகிற சின்ன விசிறி. வண்டிக்கு இழுவை கொடுக்கும். கூடவே விசிலும் கொடுக்கும், உறுமலும் கொடுக்கும். சவூதியில் பத்து வருஷம் வெயிலில் வெந்துவிட்டு வந்து கார் வாங்குகிற லப்பைக்குடிக்காட்டுக்காரர்களுக்கு இந்தச் சத்தம் ஆகவே ஆகாது. அரியலூர் சிமெண்ட் ஆலை அதிகாரிகளுக்கு ஓடுகிற வாடகைக் கார்களுக்கும் ஆகாது. பின்சீட்டில் இருந்துகொண்டு போனில் பேச முடியவில்லை என்று அதிகாரி கத்துவார், டிரைவர் வேம்புவிடம் ஓடி வருவார். அந்த வண்டிகளின் காற்று ஃபில்டரை எடுத்துத் தட்டினால் ஒரு கைப்பிடி சுண்ணாம்புத் தூசு கொட்டும்.

காற்று உள்ளே போகிற குழாயின் பக்கவாட்டில் ஒரு டப்பா தொங்கும். கம்பெனியே வைத்துக் கொடுப்பது. திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. இந்த ஜில்லாவில் எத்தனை மெக்கானிக் உண்டோ அத்தனை பேரும் அதைக் கழற்றித் தூக்கி எறிந்திருக்கிறார்கள். "உள்ள ஒண்ணுமே இல்லையேப்பா, இது எதுக்கு எடத்த அடைச்சுக்கிட்டு?" வேம்புவும் ஒரு காலத்தில் எறிந்தவர்தான். தொண்ணூற்றெட்டில் ஒரு வண்டியிலிருந்து கழற்றி வேலிக்கு அப்பால் வீசினார். மறுநாளே வண்டி உறுமிக்கொண்டு திரும்பி வந்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் வேலியோர முள்ளுக்குள் இறங்கி, காலெல்லாம் கீறல் வாங்கி, அதை எடுத்துவந்து மாட்டினார். சத்தம் போயே போய்விட்டது. அன்றைக்குப் புரிந்ததுதான். எஞ்சின் உறிஞ்சுகிற சத்தம் அந்த வெறுமைக்குள் போய் அடங்குகிறது. எந்த வண்டிக்கு எவ்வளவு வெறுமை வேண்டும் என்பதுதான் கணக்கு. படித்தவர்கள் இதைத் தாளில் போடுவார்களாக இருக்கும். வேம்பு சொம்புத் தண்ணீரில் போட்டார்.

நின்றுகொண்டிருக்கிற வண்டியில் டர்போ வாயைத் திறக்காது. பாரம் ஏறி, மேட்டில் மூச்சு வாங்கும்போதுதான் அதன் வண்டவாளம் தெரியும். அதனால் முன் சீட்டில் உட்கார்ந்து கேட்காமல் எந்த வண்டியையும் வேம்பு தொடுவதில்லை. ஏ.சி.யை அணைத்து, கண்ணாடியை ஏற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் ஊன்றிக்கொள்வார். செட்டிகுளம் போகிற வழியில் ஒரு மேடு உண்டு. அதில் மூன்றாவது கியரிலேயே ஏற்றச் சொல்வார். கீச்சென்று விசில் அடித்தால் குழாயில் எங்கோ காற்று கசிகிறது. வெறும் உறுமல் என்றால் டப்பா விஷயம். சங்கு ஊதுகிற மாதிரி ஏறிக்கொண்டே போனால் விசிறியின் தண்டு தேய்ந்து ஆடுகிறது, அது ஆபத்து, உடனே பிரித்தாக வேண்டும். மூன்றும் ஒன்றாகக் கலந்து வரும்போது பிரித்துக் கேட்பதுதான் வேலையே. "காதுல பாதி, உள்ளங்கால்ல பாதிங்க" என்பார்.

உட்காருவதற்கு முன்னால் நடக்கிற கூத்தையும் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெயில் ஒரு தரம், மரத்தூளும் சோப்புத் தூளும் சேர்த்து ஒரு தரம், கடைசியில் குளிக்கிற சோப்பில் ஒரு தரம் கை கழுவுவார். நகக்கண்ணை ஈர்க்குச்சியால் சுரண்டுவார். ஆணியில் தொங்குகிற வெள்ளைச் சட்டையையும் துவைத்த வேட்டியையும் மாற்றிக்கொள்வார். "மாப்ள கெளம்பிட்டாருடோய்" என்று பக்கத்துப் பஞ்சர் கடையில் கிண்டல் பண்ணுவார்கள். பண்ணட்டும். லப்பைக்குடிக்காட்டுப் பாய் ஒருவர் மட்டும், "அட ஏறுங்கண்ணே, நம்ம வண்டிக்கு எதுக்கு இம்புட்டு ஜோடனை?" என்று அழுக்குச் சட்டையோடேயே கையைப் பிடித்து இழுப்பார். வேம்பு கேட்கமாட்டார். அடுத்தவன் சீட்டில் உட்காருவதை அவர் சின்ன விஷயமாக நினைத்ததே இல்லை. ஏன் என்று கேட்டால் அவர் பிறந்த ஊருக்குத்தான் போக வேண்டும்.

ஊர் அரும்பாவூர். ஊர் என்றா சொன்னேன்? ஊருக்குத் தள்ளி இருக்கிற காலனி. அம்மா இருசம்மாள் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார், ஊருக்குள் பெரிய காட்டுக்காரரான முருகையனின் கொட்டகையில் வெங்காயத் தாள் அரிகிறார். தம்பியும் தம்பி மனைவியும் அதே முருகையனின் காட்டில் வேலை. அவர் நாளைக்கு வரவேண்டாம் என்றால் மூன்று பேருக்கும் அடுப்பு எரியாது. அம்மாவை டவுனுக்குக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டார் வேம்பு. "நான் வந்துட்டா தம்பி புள்ளைங்கள ஆரு பாக்குறது?" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார் அந்த அம்மாள்.

இரண்டாயிரத்து ஐந்து ஆடியில் முருகையன் புது வண்டி வாங்கினார், டர்போ வைத்தது. வெங்காயம் கொடுத்த வண்டி என்று ஊரே பேசியது. அந்த வெங்காயத்தை அரிந்த கைகளைப் பற்றி ஊர் பேசுமா? இரண்டே மாதத்தில் உள்ளூர் மெக்கானிக் ஒருவர் ஃபில்டர் மாற்றுகிறேன் பேர்வழி என்று அந்தக் காலி டப்பாவைக் கழற்றி எறிந்துவிட்டார். வண்டி உறுமிக்கொண்டு துறையூர் ரோட்டுக்கு வந்தது. ஓட்டிவந்தவன் அங்கமுத்து, முருகையனின் பங்காளி மகன். முருகையன் பின்சீட்டில் இருந்தார். முன் சீட்டு காலியாக இருந்தது.

"டேய் வேம்பு, வண்டி எருமை மாதிரி உறுமுது. என்னான்னு பாரு."

பெரம்பலூருக்கு வந்த பிறகு அவரை யாரும் 'டேய்' போட்டதில்லை. பஞ்சர் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"பாத்துரலாம் சார்" என்றார் வேம்பு. ஊரில் இருந்தவரை 'ஐயா' என்றுதான் சொல்லியாக வேண்டும். இந்த 'சார்' அவர் டவுனுக்கு வந்து சம்பாதித்தது. முருகையன் காதிலும் அது விழுந்தது, முகம் சுண்டிப்போனதிலேயே தெரிந்தது.

வேம்பு மூன்று தரம் கை கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு வந்து முன் கதவில் கை வைத்தார்.

"எங்கடா ஏறுற?"

"ஓட்டச் சொல்லிக் கேக்கணும் சார். உள்ள உக்காந்தாத்தான் என்னா சத்தம்னு..."

"புது சீட்டுடா. ஆயிலு கீயிலு ஒட்டிக்கும். அப்புடியே நின்னு கேளு."

வேம்பு இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். உள்ளங்கை, புறங்கை, நகக்கண். வாத்தியாரிடம் காட்டுகிற பிள்ளை மாதிரி. நாற்பத்தைந்து வயது மனுஷன்! முருகையன் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. ஆயிலா காரணம்? ஆயில் என்றால் ஒரு துணியை விரித்தால் தீர்ந்தது. எது காரணம் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். அங்கமுத்து ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தான்.

"வேணும்னா உன் மொபெட்டுல பின்னாடியே வந்து கேட்டுக்க" என்றார் முருகையன். பெருந்தன்மை!

அப்போதே, "நம்மால ஆவாது சார், கம்பெனிக்கு எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். அவருடைய சட்டமே அதுதானே. சொல்லவில்லை. பயமா என்றால் பயமும்தான். ஆனால் பயத்தைவிடப் பெரிதாக ஒன்று உள்ளே உட்கார்ந்திருந்தது. இந்த ஆள் வாயால் ஒரே ஒரு தரம், நன்றாகச் செய்திருக்கிறாய் என்று கேட்டுவிட வேண்டும். பின்னால் ஒரு நாள் மலர்கொடியிடம் அவரே சொன்னார்: "அந்த நாக்கு அப்புடிச் சொல்லணும்னு ஆசப்பட்டேன்டி. எம் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

செட்டிகுளம் ரோட்டில் கார் முன்னால் போனது, வேம்பு மொபெட்டில் பின்னால் போனார். தூசு கண்ணில், புகை மூக்கில். காதில் விழுந்ததெல்லாம் அவருடைய மொபெட் சத்தம்தான். ஒரு மைல் போனதும் வெறுத்துப்போய் மேட்டுக்குக் கீழே பாலத்துக்கட்டையோரம் மொபெட்டை அணைத்துவிட்டு நின்றார். காரை மூன்று தரம் மேலே ஏற்றி இறக்கச் சொன்னார். எதிரே வருகிற வண்டியின் சத்தம் ஒன்று, தாண்டிப் போகிற வண்டியின் சத்தம் வேறொன்று. வரும்போது ஏறும், போகும்போது இறங்கும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றைப் பிடித்துத் தொண்டையில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் பறந்தார். எட்டாவது டப்பா ஒட்டியது. தண்ணீர்க் கோட்டில் அறுத்து, அடியை மூடிப் பற்றவைத்து, குழாயில் மாட்டினார். உறுமல் நின்றது. ரோட்டோரத்தில் நின்று பிடித்த சத்தத்துக்கு இவ்வளவு சரியாக டப்பா அமைக்க இந்த ஜில்லாவில் வேறு ஆள் கிடையாது. அதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

ஆனால் மூன்றாம் தரம் கார் மேடேறியபோது, உறுமலுக்கு அடியில் வேறு ஏதோ மெலிசாக இழுத்த மாதிரி இருந்தது. சங்கா, காற்றா, புளியமரத்துக் குருவியா? வெளியே நின்றால் சொல்ல முடியாது.

"இன்னொரு சத்தம் இருக்கற மாதிரி தெரியுது சார். டர்போவா இருந்தா ஆபத்து. அஞ்சு நிமிஷம் உள்ள உக்காந்து கேட்டா..."

"உறுமல் போச்சுல்ல? அது போதும்" என்றார் முருகையன். கண்ணாடியை ஏற்றப் போனவர், என்ன தோன்றியதோ, பாதியில் நிறுத்தினார். "பரவால்லடா. பொழச்சுக்குவ."

அவ்வளவுதான், வேம்பு குளிர்ந்துபோனார். அந்த இரண்டு வார்த்தையை அன்றைக்கு மலர்கொடியிடம் மூன்று தரம் சொன்னார். மூன்றாம் தரம், "சரி, சோத்தத் தின்னுங்க" என்றார் அந்த அம்மாள்.

இருபத்திரண்டாம் நாள் பாடாலூர் தாண்டி, திருச்சிக்குப் போகிற பெரிய ரோட்டில் டர்போ வெடித்தது. ஆயில் எல்லாம் எஞ்சினுக்குள் பாய்ந்து, வெள்ளைப் புகை கக்கி, வண்டி கட்டை போல நின்றுவிட்டது. நல்லவேளையாக ஆளுக்கு ஒன்றும் இல்லை. கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். திருச்சியில் கம்பெனிப் பட்டறையில் பிரித்துப் பார்த்தவர், தண்டு பல நாளாகவே ஆடியிருக்கிறது, சங்குச் சத்தம் வந்திருக்குமே, கவனிக்கவில்லையா என்று நாலு பேர் முன்னால் முருகையனைக் கேட்டுவிட்டார். உறுமல் இருந்தவரை அதற்குள் சங்கு ஒளிந்திருந்தது. உறுமல் நின்ற பிறகு தனியாகவே ஊதியிருக்கும். உள்ளே இருந்த இரண்டு பேரும் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு போனார்கள். முருகையனுக்கு அவமானம் தாங்கவில்லை. ஊரிலும் சிரித்தார்கள், இவ்வளவு பெரிய வண்டியை வாங்கிவிட்டு ரோட்டோர ஷெட்டில் கொண்டுபோய் விட்டாரே என்று. பழியை யார் தலையிலாவது கட்டியாக வேண்டும்.

வேம்புவுக்கு ஆள் வந்தது. போனார். வெங்காயக் கொட்டகையில் இருபது பெண்கள் அரிந்துகொண்டிருந்தார்கள், நடுவில் இருசம்மாள். நாற்காலியில் முருகையன். பக்கத்தில் பெரிய மனுஷர்கள் என்று மூன்று நான்கு பேர். சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உண்டு. திருச்சியிலிருந்து புது டர்போ போட்டு வந்த வண்டி வெளியே நின்றது. அங்கமுத்து அதில் சாய்ந்துகொண்டிருந்தான்.

"கம்பெனிக்காரன் என்னையக் கேக்குறான்டா, சத்தம் வந்தப்ப காதுல என்னா பஞ்சா வச்சிருந்தீங்கன்னு. வண்டியப் பாத்தது நீ. அந்தக் காதுக்குத்தான உங்கிட்ட வராங்க? ஏன் தெரியல? சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்."

பதில் ஒரே வரிதான். உள்ளே உட்கார விட்டீங்களா? அது வேம்புவின் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. எத்தனையோ வண்டிச் சத்தத்தைப் பத்திரமாகத் தூக்கிவந்த தொண்டை. அங்கமுத்துவைப் பார்த்தார். நடந்தது முழுக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான், அவன் சாவிக் கொத்தை எண்ணிக்கொண்டிருந்தான். அம்மாவைப் பார்த்தார். இருசம்மாள் அரிவதை நிறுத்தியிருந்தார். மகன் என்ன சொல்லப்போகிறான் என்பது அந்த முகத்துக்குத் தெரிந்திருந்தது. சொன்னால் நாளைக்கு என்ன ஆகும் என்பதும் தெரிந்திருந்தது. அந்த அம்மாள் மெதுவாக, யாருக்கும் தெரியாமல், ஒரே ஒரு தரம் தலையை ஆட்டினார். வேண்டாம்.

"எங் காதுதான் சார் தப்பிப்போச்சு" என்றார் வேம்பு.

"சத்தமாச் சொல்லு."

"எங் காதுதான் சார். முன்ன மாதிரி இல்ல. இந்த வலது காது சரியா கேக்க மாட்டேங்குது. நான் வண்டியப் பாத்திருக்கக் கூடாது."

"அத அன்னைக்கே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? செவிட்டுப் பயலுக்கு எதுக்குடா மெக்கானிக்கு வேலை?"

சிரித்தார்கள். முருகையனுக்கு மனசு ஆறிவிட்டது. "சரி போ, உங்க அம்மா மூஞ்சிக்காக விடுறேன்" என்றார். பெண்கள் மறுபடியும் அரியத் தொடங்கினார்கள். இருசம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. வெங்காயக் கொட்டகையில் எல்லாருக்கும்தானே கண்ணில் தண்ணீர்.

வேடிக்கை பார்க்க வந்தவர்களில் அரியலூர் ஆலைக்கு வாடகைக் கார் ஓட்டுகிற ஒருவரும் இருந்தார். அந்த வாரமே ஆலைப்பக்கத்து வண்டிகள் வருவது நின்றது. "வேம்புக்குக் காது போயிருச்சாம், அவரு வாயாலயே சொன்னாராம்" என்று பஞ்சர் கடை வரைக்கும் பேச்சு வந்தது. காதை வைத்துப் பிழைக்கிறவன் தன் வாயாலேயே காது போச்சு என்று சொல்லிவிட்டால் பிறகு எவன் வருவான்? லப்பைக்குடிக்காட்டுப் பாய் மட்டும், "நம்பவே மாட்டேன்ணே" என்று வந்து நின்றார். அவரிடமும் வேம்பு உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் அது அரும்பாவூருக்குப் போய்விடும் என்று பயம். இப்போது ஷெட்டில் ஆயில் மாற்றுகிறார், பிரேக் கட்டை மாற்றுகிறார். கண் இருந்தால் போதும் அதற்கெல்லாம்.

அன்றைக்கு நடந்தது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கொட்டகையை விட்டு வெளியே வந்த வேம்பு, பஸ்ஸைப் பிடிக்க ஏரிக்கரையோடு நடந்தார். பின்னால் வண்டி வந்தது. முருகையனின் வண்டிதான், அங்கமுத்து மட்டும் இருந்தான். கரை மேட்டில் அது ஏறும்போதே வேம்புவுக்குக் கேட்டுவிட்டது. கீச்சென்று மெலிசான விசில். இடது பக்கம், குழாய் சேருகிற இடத்துப் பட்டை சரியாக முறுக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரில் ஒரு திருகு திருகினால் தீர்ந்தது, ஒரு நிமிஷ வேலை.

வண்டி பக்கத்தில் வந்து நின்றது. அங்கமுத்து முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டான்.

"அண்ணே" என்றான். அந்த ஊர்க்காரன் ஒருவன் அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம். "புதுசு போட்டும் மேட்டுல லேசா ஊதுதுண்ணே. எனக்குப் பயமா இருக்கு. பெரியப்பா கொட்டகையிலதான் இருக்காரு, யாரும் பாக்கல. ஏறி உக்காந்து ஒரே ஒரு ரவுண்டு கேட்டுச் சொல்லுங்கண்ணே."

குனிந்து கையை நீட்டி, முன் கதவைத் திறந்துவிட்டான். பிளாஸ்டிக் உறை பிரிக்காத சீட்டு பளபளவென்று இருந்தது.

வேம்பு அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஆட்காட்டி விரலால் தன் வலது காதைத் தொட்டுக் காட்டி, கேட்காது என்று கையை இரண்டு தரம் ஆட்டினார்.